குளிர்சாதனப் பெட்டியும் என் தாயாரும்

2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் டித்வாப் புயல் இந்தத் தீவை நனைத்துச் சென்று சில நாட்களின் பின், கொழும்பை அடுத்த வெல்லம்பிட்டியிலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். களனி கங்கை பெருகி அவர் குடியிருந்த வீட்டுக்குள்ளும் புகுந்திருந்தது. மனைவி, மக்கள் யாவரும் சுகம் என்று கேட்டு மனம் ஆறினேன். பின்னர் அவர் தாம் அழைத்த காரியத்தைச் சொன்னார்.

"பிறிட்ஜ் தண்ணிக்குள்ள கிடந்தது, சேர். கழுவி இரண்டு நாள் வெயிலிலே வைத்திருக்கிறன். நல்லாய்க் காய்ஞ்சு போச்சு. நாளைக்குப் போட்டுப் பார்க்கலாமோ?"

"வேண்டாம்" என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. ஏன் வேண்டாம் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு நான் கூறிய விடை ஒரு கதையாக நீண்டுவிட்டது. வெள்ளம் கண்ட வீடுகள் நம் நாட்டில் ஒன்றிரண்டு அல்லவாதலால், அக்கதையை நேயர்களுக்கும் சொல்லிவைப்பது நல்லதென்று தோன்றுகிறது. அதிலே நான் புகழ் பெறும் இடம் ஒன்றுமில்லை என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

நான் கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலைகளில் 30 வருடத்துக்கு மேலாக விஞ்ஞானம் கற்பித்தவன். அக்காலத்தின் பெரும்பகுதி வன்னியிலே மின்சாரம் இல்லாத காலம். ரோர்ச் லைற்றுக்குப் பற்றரி கிடைப்பதே அரிதாயிருந்த நாட்களில், கரும்பலகையில் மின்சுற்றுக்களை வரைந்து, "இது கடத்தி, இது காவலி" என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். கண்ணாற் காணாத தெய்வத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வது போன்ற உத்தியோகம் அது. போர் ஓய்ந்து சில வருடங்களின் பின் எங்கள் கண்டாவளைப் பக்கத்துக் கிராமத்துக்கும் மின்கம்பங்கள் வந்தன. முதல் நாள் விளக்கு எரிந்தபோது என் தாயார் அதைக் கும்பிட்டார்.

2015ஆம் ஆண்டில் என் மனைவி இரண்டு வருடமாகக் கட்டிவந்த சீட்டுக்காசில் ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்கினோம். அது வீட்டுக்கு வந்த அன்று தாயார் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "நேற்றுச் சமைச்சதை நாளைக்குத் தின்னுறதுக்கு ஒரு அலுமாரியோ?" என்று கேட்டார். ஒரு வருடம் வரையில் அவர் அதைத் திறக்கவேயில்லை. பிறகு அவருக்கு நீரிழிவு முற்றி, வைத்தியர் இன்சுலின் ஊசி எழுதிக் கொடுத்தார். உபயோகத்துக்கு எடுக்காத இன்சுலினை 2 பாகை செல்சியசுக்கும் 8 பாகைக்கும் இடையிலே வைத்திருக்க வேண்டும், உறையவும் விடக்கூடாது. அன்றிலிருந்து பெட்டியின் நடுத்தட்டு தாயாரின் ஆட்சிக்கு உட்பட்டது. யாராவது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்து நின்றால், "குளிர் போகுது பிள்ளை, பூட்டு" என்று அறையிலிருந்தே குரல் வரும்.

2018ஆம் ஆண்டு டிசெம்பர் 21ஆம் திகதி இரவு பெய்த மழையை எங்கள் மாவட்டத்தார் மறக்கமாட்டார்கள். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் ஒருசேர நீரில் மூழ்கின. இரணைமடுக் குளம் நிறைந்து வான்கதவுகள் திறக்கப்பட, கனகராயன் ஆறு கரை கடந்து பாய்ந்தது. நடுச்சாமத்தில் நாங்கள் கண் விழித்தபோது முற்றத்திலே கணுக்கால் அளவு நீர் நின்றது. திண்ணை இன்னும் நனையவில்லை. உலர்ந்த நிலத்தில் நின்றபடியே பிரதான ஆளியை நிறுத்தினேன். அந்த வெள்ளத்தில் நான் செய்த புத்தியான காரியம் அது ஒன்றுதான்.

அயலவர் ஒருவரின் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் பாடசாலைக் கட்டிடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நான் பிள்ளைகளின் சான்றிதழ்களை எடுத்தேன்; மனைவி நகைப்பையையும் அரிசியையும் எடுத்தாள்; தாயார் அப்போது உபயோகித்துக்கொண்டிருந்த இன்சுலின் குப்பியைத் துணியிற் சுற்றி மடியிலே கட்டிக்கொண்டார். மற்ற இரண்டு குப்பிகளும் பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்டன.

மூன்று இரவுகளின் பின் நத்தார்த் தினத்தன்று வீடு திரும்பினோம். சுவரிலே நெஞ்சளவு உயரத்தில் சேற்றுக்கோடு ஒன்று வீட்டைச் சுற்றி ஓடியிருந்தது. கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. பின்பக்கத்தால் இறங்கிப் பார்த்தபோது காரணம் விளங்கிற்று. குளிர்சாதனப் பெட்டி குசினியிலிருந்து புறப்பட்டு, நடுவறையைக் கடந்து, வாசற்படிக்குக் குறுக்கே மல்லாந்து படுத்திருந்தது! அதன் சுவர்கள் முழுவதும் நுரைப்பஞ்சு. உள்ளே அடைபட்ட காற்று. ஆகவே வெள்ளத்தில் அது கட்டுமரம் போல மிதந்திருக்கிறது. ஆர்க்கிமிடீசு தத்துவத்துக்கு இத்தகைய உதாரணத்தை நான் வகுப்பிலே ஒருநாளும் காட்டியதில்லை.

அதன்பின் நடந்தவற்றை வெள்ளம் கண்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சேறு வாரினோம், கிணற்றை இறைத்துக் குளோரின் இட்டோம், பாயும் புத்தகமும் வேலியிலே காய்ந்தன. பெட்டியை நானும் மகனுமாகத் தூக்கி முற்றத்தில் நிமிர்த்தி வைத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்தோம். இரண்டு நாள் வெயில் எறித்தது. மூன்றாம் நாள் அது கடையிலிருந்து வந்த நாளைப்போலப் பளபளத்தது. அன்று மின்சாரமும் வந்துவிட்டது. குதைகளைக் கழற்றித் துடைத்துக் காயவைத்துப் பூட்டியிருந்தேன். விளக்குகள் எரிந்தன. எனக்குத் துணிவு வந்துவிட்டது.

அவசரத்துக்குக் காரணமும் இருந்தது. பெட்டிக்குள் வெள்ள நீரில் ஊறிய இரண்டு குப்பிகளையும் கிளினிக்கில் காட்டியபோது, அவற்றை எறிந்துவிடும்படி சொல்லிப் புதிய குப்பிகளைத் தந்திருந்தார்கள். அவற்றைக் குளிரில் வைக்க வேண்டும். இது நான் வெளியிலே சொன்ன காரணம். உள்ளே இன்னொன்றும் இருந்தது. ஊரிலே பலருடைய பெட்டிகளும் மூலையிற் கிடக்க, விஞ்ஞான மாஸ்டர் வீட்டுப் பெட்டி மட்டும் இரைந்துகொண்டு ஓடுகிறது என்று நாலுபேர் சொல்லவேண்டும் என்ற ஆசை அது. மனிதனுடைய வீண்பெருமை வெள்ளத்திலும் மூழ்குவதில்லை.

குசினியின் சீமெந்துத் தரை இன்னும் ஈரமாகவே இருந்தது. வெறுங்காலுடன் நின்றேன். இடதுகை பெட்டியின் உலோகக் கதவிலே ஊன்றியிருந்தது. வலதுகையில் செருகி. மகன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது வாசலில் கதிரையில் இருந்த தாயார் கேட்டார்:

"தம்பி, உதின்ர முதுகு காஞ்சுதோ?"

"எல்லாம் காஞ்சிட்டுதணை."

"வெளியில காஞ்சிருக்கும். நான் கேக்கிறது உள்ளுக்கு. வெளியில காஞ்ச நெல்லை உள்ளீரத்தோட மூட்டை கட்டினா என்ன நடக்கும் எண்டு உனக்குத் தெரியாதோ? கொஞ்சம் பொறு."

நெல்லுக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குச் சினம் வந்தது. ஆனால் வன்னியிலே பிறந்த எவனும் அந்த உவமையைத் தள்ளிவிட முடியாது. ஈரநெல்லைக் கட்டிவைத்தால் மூட்டை உள்ளே சூடேறிப் புழுங்கிப் பழுதாய்ப் போகும். வெளியே பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அவருடைய வாயை அடைப்பதற்காகவே செருகியை வைத்துவிட்டுத் திருப்புளியை எடுத்தேன். பெட்டியைச் சுவரிலிருந்து விலக்கி, அடிப்பக்கத்துப் பின்மூடியைக் கழற்றினேன்.

உள்ளேயிருந்து அரைச் சிரட்டை தண்ணீர் என் காலிலே வடிந்தது.

கொம்பிறெசர் என்று நாம் சொல்லும் அந்தக் கறுத்த உருண்டையின் பக்கத்தில் ஒரு சிறிய பெட்டி உண்டு. மின்சாரம் உள்ளே நுழையும் முனைகளும், மோட்டாரைத் தொடக்கிவிடும் சிறு கருவியும் அதற்குள்ளே இருக்கும். அதன் மூடியைத் திறந்தபோது, மூன்று முனைகளையும் வெளியிலுள்ள இரும்பையும் ஒன்றாக இணைத்து, வெண்ணெய் தடவினாற்போல் வண்டல் படிந்திருந்தது. ஒரு வைக்கோற்றுண்டும் கிடந்தது. நான் கதவிலே ஊன்றியிருந்த கைக்கும் 230 வோல்ற்று மின்சாரத்துக்கும் இடையே நின்றது அந்தக் கரண்டியளவு சேறுதான்.

தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும் என்றும், உப்புக் கரைந்த நீர் நன்றாகக் கடத்தும் என்றும் எத்தனை வருடம் கற்பித்திருப்பேன்! வெள்ளநீரோ வயலிலே போட்ட பசளையையும் மலக்குழியின் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு வருவது. நீர் ஆவியாகிப் போனாலும் உப்பும் வண்டலும் அங்கேயே தங்கிவிடும். இரவுப் பனியில் அவை மறுபடியும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பகலிலே காய்ந்த பொருள் இரவிலே நனையும். கைக்கு உலர்ந்ததாகத் தோன்றுவது மின்சாரத்துக்கு உலர்ந்ததாகாது.

"ரிப் சுவிச் இருக்குதுதானே அப்பா? அது விழுந்திருக்கும்" என்றான் மகன், என்னைத் தேற்றுவதற்காக.

அவன் சொன்னதும் பாடம்தான். மின்சாரம் வழிதவறி நிலத்துக்கு ஓடுமானால், வீடுகளிலுள்ள அந்தச் சுற்றுடைப்பான் ஏறக்குறைய 30 மில்லியம்பியர் அளவிலேயே இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். அதிலே பரீட்சைக்கென்று ஒரு சிறிய பொத்தானும் உண்டு. மாதத்துக்கு ஒருமுறையாவது அதை அழுத்திப் பார்ப்பது நல்ல பழக்கம். நான் வாங்கிய நாள் முதல் அதைத் தொட்டதேயில்லை. உலர்ந்த பலகையின் மேல் ஏறி நின்று அன்றைக்கு அழுத்தினேன். அது விழவில்லை. மறுபடியும் அழுத்தினேன். விளக்குகள் எரிந்தபடியே இருந்தன. சேற்றுக்கோடு அதன் உயரத்துக்கு ஏறவுமில்லை. காவற்காரன் எப்போது உறங்கிப்போனானோ, யாருக்குத் தெரியும்?

நான் வெளியே வந்து தாயாருக்குப் பக்கத்திலே நிலத்தில் இருந்துவிட்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. வெற்றிலைத் தட்டை மட்டும் என் பக்கமாகத் தள்ளிவைத்தார்.

மறுநாள் குளிர்சாதனப் பெட்டி திருத்தும் இளைஞர் ஒருவர் வந்தார். அவரும் என் மாணவரே. விஞ்ஞானத்தில் நான் 35 புள்ளிக்கு மேல் ஒருநாளும் கொடுத்ததில்லை என்பதை அவரே சிரித்துக்கொண்டு ஞாபகப்படுத்தினார். முதலில் சுற்றுடைப்பானை மாற்றினார். பின்னர் பெட்டியின் முனைகளுக்கும் உடலுக்கும் இடையே எவ்வளவு தடை இருக்கிறதென்று ஒரு கருவியால் அளந்தார். சாதாரணமாக ஒரு மெகா ஓமுக்குக் குறையாமல் இருக்கவேண்டிய இடத்தில் முள் பூச்சியத்தை விட்டு அசையவில்லை. முனைகளைக் கழுவி, உலர்த்தி, தொடக்குங் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு நாலு நாளின் பின் வந்து மறுபடி அளந்தார். முள் ஏறியிருந்தது.

"கொம்பிறெசர் நல்லாயிருக்கு, சேர். அது ஒட்டி மூடின உருண்டை. எண்ணெயும் காஸும் உள்ளுக்கு. தண்ணி போகேல்லை. வெளியில இருக்கிற கருவியளையும் குளிரைக் கட்டுப்படுத்திற கருவியையும் மாத்தினா ஓடும்" என்றார்.

என் முகம் மலர்ந்தது. ஆனால் அவர் தொடர்ந்தார்: "ஓட வைக்கலாம். ஆனா உதுக்குள்ள இனிச் சாப்பாடும் மருந்தும் வைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை." இப்படிக் கூறிவிட்டுப் பெட்டியின் அடிமூலையில், இரண்டு தகடுகள் பொருந்தும் இடத்தைப் பெருவிரலால் அழுத்தினார். கபில நிற நீர் கசிந்தது, நாற்றம் எழுந்தது. ஒரு கிழமைக்கு மேலாகியும் சுவருக்குள் வெள்ளம் குடியிருந்தது. நுரைப்பஞ்சு ஒருமுறை அந்த நீரை உறிஞ்சினால் அதைக் கழுவவும் முடியாது, காயவைக்கவும் முடியாது. பூஞ்சணமும் கிருமியும் பிடிக்கும். குளிரைக் காக்கும் சக்தியும் குறையும்.

நான் வாதாடினேன். புதிய பெட்டியின் விலை என் கண்முன்னே நின்றது. மனைவி மௌனமாக நின்றாள். அது அவளுடைய இரண்டு வருடச் சீட்டு. நான் தோற்பதற்கு மனமில்லாமல் பேசிக்கொண்டிருக்கையில் தாயார் வந்து பெட்டியின் கதவைத் தடவிப் பார்த்தார். 2009இல் வீடு, வளவு, மாடு, கன்று யாவற்றையும் விட்டு நடந்து வந்தவர் அவர்.

"உதைவிடப் பெரிசெல்லாம் விட்டிட்டு வந்தனாங்கள்" என்றார். "ஆக்கள் இருக்கினம். போகட்டும், விடு."

அத்துடன் வழக்கு முடிந்தது. மாணவர் இயந்திரமொன்றைக் கொண்டுவந்து பெட்டியிலிருந்த வாயுவை உருளையிலே சேர்த்தெடுத்தார். அதைக் கண்டபடி திறந்துவிடுவது காற்றுக்கும் கேடு. இப்போதைய பெட்டிகள் பலவற்றில் இருக்கும் வாயு தீப்பற்றவும் கூடியது. பிறகு கொம்பிறெசரைக் கழற்றினார். போகுமுன் கதவையும் கழற்றித் தனியே சாத்திவிட்டு, "சின்னப் பிள்ளையள் ஒளிச்சு விளையாட உள்ளுக்குப் போனா மூச்சடைக்கும், சேர்" என்றார். 35 புள்ளி கொடுத்த கை அன்றைக்கு வெட்கப்பட்டது.

இன்சுலினுக்கு என்ன வழி? தாயாரே சொன்னார். ஒரு பெரிய மண்பானைக்குள் ஈரமணலைப் பரப்பி, அதன் நடுவே சிறிய முட்டியொன்றை வைத்து, குப்பியை நீர் புகாத போத்தலில் இட்டு முட்டிக்குள் இறக்கி, ஈரச் சாக்கினால் மூடினோம். மண்ணிலிருந்து நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. அது 8 பாகைக்கு இறங்காது. வெளியிலும் பார்க்கச் சில பாகை குறையும், அவ்வளவே. ஆயினும் உபயோகத்துக்கு எடுத்த இன்சுலின் பெரும்பாலும் 25 முதல் 30 பாகைக்கு மேற்படாத இடத்தில் ஏறக்குறைய நாலு வாரம் கெடாதிருக்கும் என்று கிளினிக்கில் விளக்கினார்கள். எங்கள் மார்கழி, தை மாதக் குளிரும் துணை நின்றது. ஒரு தடவைக்கு ஒரு குப்பி மட்டும் வாங்கிவந்து, மீதியை அங்கேயே வைத்திருக்கும்படி கேட்டுக்கொண்டோம். புதிய சீட்டு விழும் வரையில் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி அந்தப் பானைதான். புதிய பெட்டி வந்தபோது அதை ஒன்றரை அடி உயரமான சீமெந்துக் கட்டின்மேல் வைத்தேன். பிளக் பொயின்ற்றையும் சுவரிலே நெஞ்சுக்கு மேலாக உயர்த்திப் பூட்டுவித்தேன்.

வெல்லம்பிட்டி மாணவருக்கு இவ்வளவையும் தொலைபேசியிலே சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். வெள்ளத்தில் நனைந்த எதையும், அது சோற்றுப் பானையாயினும் மின்விசிறியாயினும், அறிந்தவர் திறந்து அளந்து பார்க்குமுன் மின்சாரத்தில் மாட்டவேண்டாம். மாட்டினால் உடனே அடிக்காமல், இரண்டு கிழமை ஓடிவிட்டு ஒரு நள்ளிரவிலே தீப்பற்றவும் கூடும் என்றும் சொன்னேன். குதைகளையும் கம்பிகளையும் முதலிலே பரிசோதிப்பிக்கச் சொன்னேன். தையல் இயந்திரம் இருந்தால் அதைக் கைவிடவேண்டாம். காலால் மிதிக்கும் பழைய இயந்திரத்தை மண்ணெண்ணெயாற் கழுவி, துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் விட்டால் இன்னும் பல வருடம் தைக்கும் என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் எறியவும் வேண்டாம், எல்லாவற்றையும் காப்பாற்றவும் வேண்டாம். எது எது என்று அறிவதற்குக் கொஞ்சம் பொறுத்தாற் போதும்.

வெள்ளம் வடிந்தவுடன் நமக்கு ஓர் அவசரம் பிடித்துக்கொள்கிறது. வீடு மறுபடியும் வீடாகிவிட்டது என்று காட்ட விளக்கு எரியவேண்டும், பெட்டி இரையவேண்டும், வானொலி பாடவேண்டும். வெள்ளத்துக்குத் தப்பியவர்களை அந்த அவசரம் பிடித்துவிடக்கூடாதே என்பதுதான் என் கவலை.

அந்தப் பழைய பெட்டி இன்றும் எங்கள் கிணற்றடியில் கதவில்லாமல் மல்லாந்து கிடக்கிறது. ஒருமுறை எங்கள் கறுத்தக் கோழி அதற்குள் வைக்கோலைக் கிளறி 11 முட்டையிட்டு அடை கிடந்தது. "குளிராய்க் கிடந்த பெட்டி இப்ப சூடாய்க் கிடக்கு" என்று தாயார் சிரித்தார். அவர் 2021ஆம் ஆண்டிலே காலமானார்.

மறுநாட் காலையில் வெல்லம்பிட்டியிலிருந்து மீண்டும் அழைப்பு வந்தது.

"சேர், பின்மூடியைக் கழட்டிப் பார்த்தன்" என்றார் அவர். சிறிது நேரம் பேசவில்லை. "முதுகு காயேல்லை, சேர்."